கம்பியைப் பிடிக்காதவர்

பிரேக் இல்லையென்றால் பின்னே வேறென்ன என்றுதான் முதலில் கேட்பார்கள், அதற்குத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள், பன்னிரண்டு மணிக்கு, டிப்போ மாடியில், மேலாளர் அறையில்... என்ன சொல்வது? ஏற்கெனவே சொன்னதையே சொல்லலாம், ஒரு மாதத்துக்கு முன்னால் கைப்பட எழுதிக் கொடுத்தது ஃபைலில் இருக்கிறது, 'ஓட்டுநர் திடீரென பிரேக் போட்டதால் நிலைகுலைந்து', அந்த நிலைகுலைந்து என்ற சொல்லைக்கூட டைம் ஆபீஸ் குமாஸ்தாதான் எடுத்துக் கொடுத்தார், இவர் 'விழுந்து' என்றுதான் எழுதப் போனார். விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினார் கண்டக்டர். பஸ் கிளம்பியது. பத்து நாற்பது மணி வண்டி, முனையத்திலிருந்து டிப்போ வரை இருபத்து நான்கு நிறுத்தம், ஒரு மணி பத்து நிமிஷம், இறங்கினால் விசாரணை. இடது கையைப் பார்த்தார். அது மேல்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது, எப்போது போய்ப் பிடித்தது? இவர் ஒன்றும் சொல்லவில்லையே அதனிடம். இருபத்தாறு வருஷம் ஓடுகிற பஸ்ஸின் நடுவில் ஒரு கம்பியையும் தொடாமல் நின்றவர், இரண்டு கையும் டிக்கெட் மெஷினில் இருக்கும், டிப்போவில் இவருக்குப் பெயரே பசைக்கால். புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள், எப்படி அண்ணே நிக்கிறீங்க, இவரும் பெரிய மனசு பண்ணிச் சொல்லுவார், இடது காலை முன்னால வை, வலது காலைக் குறுக்க வை, முட்டியை விறைப்பா வைக்காதே, அவ்வளவுதான்... அவ்வளவுதானா? இப்போதும் இடது கால் முன்னால்தான் இருக்கிறது, வலது கால் குறுக்கேதான் இருக்கிறது, முட்டியும் அதே முட்டிதானே.

முன்னால் டிரைவர். பதினோரு வருஷமாக இதே ஜோடி. அவருக்கும் ஒரு பெயர் உண்டு, மெத்தை. அவர் ஓட்டுகிற வண்டியில் ஏறினவர்கள் மூன்றாவது நிறுத்தத்தில் தூங்கிவிடுவார்கள், இறங்க வேண்டிய இடத்தில் இவர்தான் தட்டி எழுப்ப வேண்டும், எழுந்ததும் இவர்மேல்தான் எரிந்து விழுவார்கள். அந்த மனுஷன்மேல் திடீர் பிரேக் என்று எழுதிக் கொடுத்தால்... சமையல்காரரைப் பார்த்து உனக்கு உப்பு போடத் தெரியவில்லை என்று சொல்வது போலத்தான். இருபத்திரண்டு வருஷம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியிருக்கிறார், இந்த வருஷம் விபத்தில்லா ஓட்டுநர் பட்டியலில் முதல் பெயர் அவருடையது, மெமோ வந்த மறுநாளே பெயரை அடித்துவிட்டார்கள். சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. போடவில்லை. முன்பெல்லாம் என்னப்பா, வாப்பா, பசை காஞ்சு போச்சா என்பார், இந்த ஒரு மாதமாகக் கண்டக்டர் சார். கண்டக்டர் சார், போலாமா. கண்டக்டர் சார், பின்கதவு சாத்தலையே. அந்த 'சார்' ஒவ்வொன்றும் செருப்பில் மாட்டிய கல் மாதிரி. ஆஸ்பத்திரி போறவங்க அடுத்த ஸ்டாப், முன்னால வாங்க, என்று குரல் கொடுத்தார். குரல் மட்டும் பழைய குரலாகவே இருக்கிறது, அதுவும் ஒரு விதத்தில் ஏமாற்று வேலைதான்.

அன்றைக்கு என்ன நடந்தது, சரியாக நினைத்துப் பார்த்தால்... வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி தாண்டி வருகிற இறக்க வளைவு, இவர் மூன்றாவது சீட்டுப் பக்கத்தில் நின்று டீச்சருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட டீச்சர், தினமும் வருகிறவர், நின்றுகொண்டே வருவார், உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பார். டிக்கெட்டை நீட்டினார், அவர் வாங்கினார், அவ்வளவுதான், தரை இல்லை. தரை இருந்தது, இவர்தான் அதில் இல்லை. கம்பி இருக்கிற இடத்தில் கையை வீசினார், அங்கே கம்பி இல்லை, டீச்சரின் தோள் இருந்தது, இரண்டு பேரும் போய் விழுந்தார்கள், அடியில் டீச்சர், டீச்சருக்கும் அடியில் டீச்சரின் கை. சத்தம் கேட்டது, சின்னச் சத்தம்தான். எழுந்திருப்பதற்கு முன்னாலேயே, தரையில் கிடந்தபடியே, இவர் கத்தினார், என்னய்யா பிரேக் இது! அந்தக் கத்தல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். வண்டி முழுக்கக் கேட்டது. பசைக்கால் விழுந்தால் பிரேக்காகத்தானே இருக்க வேண்டும், வேறு எதற்கு அவர் விழப் போகிறார்? டீச்சர் மணிக்கட்டில் கட்டோடு புகார் எழுதும்போது, 'நடத்துநரே ஓட்டுநரைக் கண்டித்தார்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். பொய்யா சொன்னார் இவர்? பொய் இல்லை. அன்றைக்குப் பொய் இல்லை. அதை இன்றைக்குத் திருப்பிச் சொன்னால் பொய். அதே சொற்கள், அதே கையெழுத்து, நடுவில் நேற்று என்று ஒரு நாள் வந்துவிட்டது.

நேற்று மத்தியானம் மனைவி இழுத்துக்கொண்டு போன கண் ஆஸ்பத்திரியில் ஒரு கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளி, அதையே பார்க்க வேண்டும், பக்கத்தில் எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். இவர் புள்ளியைப் பார்த்தார். காத்திருந்தார். எப்போதாவது ஒன்று மின்னியது, அழுத்தினார், மறுபடி காத்திருந்தார், கொட்டாவிகூட வந்தது. ஏம்மா, மெஷின் ரிப்பேரா என்று கேட்டார். சோதனை செய்த பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கும், இல்ல சார், எல்லாருக்கும் வர்ற அளவு வெளிச்சம் உங்களுக்கும் வந்துச்சு, என்றாள். அச்சடித்து வந்த காகிதத்தில் பெரிய கறுப்பு வட்டம், நடுவில் ஒரு சின்ன வெள்ளை ஜன்னல். கண்ணுக்குள் அழுத்தமாம், வலிக்காதாம், சத்தமில்லாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருமாம், போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். எனக்குப் பொடி எழுத்தெல்லாம் நல்லா தெரியுதே டாக்டர்! தெரியும், கடைசியிலதான் அது போகும். பிறகு இன்னொரு அறைக்குக் கூட்டிப்போய் அந்தப் பெண், சார், இந்த மெத்தை மேல ஏறி நில்லுங்க என்றாள். மெத்தை என்றதும் இவருக்குத் திக்கென்றது. வெறும் ரப்பர் மெத்தை, காலைச் சேர்த்து, கையைக் கட்டி, அரை நிமிஷம். கண்ணைத் திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை. திறந்திருந்தபோதும் ஆடினார், மூடினபோதும் ஆடினார், இரண்டு தடவையும் அவள்தான் தோளைப் பிடித்தாள். மத்தவங்க கண்ணை மூடினாத்தான் இப்படி ஆடுவாங்க சார், உங்களுக்குத் திறந்தாலும் மூடினாலும் பெரிய வித்தியாசம் இல்ல. படிக்கிறதுக்கு நடுக்கண்ணு போதும். ஆனா தரை எங்க இருக்கு, சுவர் எங்க இருக்கு, நீங்க எந்தப் பக்கம் சாயறீங்கன்னு உடம்புக்குச் சொல்லிக்கிட்டே இருக்கறது ஓரப்பார்வைதான். உங்களுக்கு அது போயிருக்கு. கெட்டித் தரையில நின்னா உள்ளங்கால் சமாளிச்சுடும். தரையே ஆடினா? என் வேலையே ஆடற தரையிலதாம்மா, என்றார் இவர். அவள் காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டாள்.

தலையணை! மூன்று தலையணை மாற்றியாயிற்று இந்த ஒன்றரை வருஷத்தில். கழுத்து வலி, பின்மண்டையில் ஆரம்பித்துத் தோள்பட்டைக்கு இறங்குகிற வலி, தலையணை சரியில்லை என்று இவர் சொல்ல, மனைவி ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு வரும்போது ஒன்று வாங்கி வருவாள், அது சரியில்லை, இன்னொன்று. தலையணை பாவம் என்ன செய்யும். நாள் முழுக்கத் தரையைப் பார்த்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கப் போனபோது ஸ்டுடியோக்காரர் நாலு தடவை சொன்னார், சார் முகவாயைத் தூக்குங்க, இன்னும், இன்னும் கொஞ்சம், இவருக்குக் கோபம் வந்துவிட்டது, இதுக்கு மேல தூக்கினா ஃபேனைத்தான்யா பாக்கணும். தொடையில், இடுப்பில், நீலநீலமாகக் காயம், சீட்டு முனை இடித்தது, மனைவி எண்ணெய் தேய்க்கும்போது கேட்டாள், வேலைக்குப் போறீங்களா, அடிதடிக்குப் போறீங்களா? பின்சீட்டு வரைக்கும் போவதையே நிறுத்திவிட்டார், மெஷின் சார்ஜ் இல்லை என்பார், கூட்டம் என்பார், பின்னால இருக்கறவங்க முன்னால வந்து வாங்கிக்கோங்க என்பார். அப்போதெல்லாம் அது உண்மை என்றே நினைத்தார். உடம்பு முதலில் முடிவு எடுத்துவிடுகிறது, இவர் பிறகு மெதுவாக அதற்கு ஒரு காரணம் தேடிக் கொடுக்கிறார். பிரேக்கும் அப்படித் தேடிக் கொடுத்த காரணம்தானோ? தலையணை, மெஷின், கூட்டம், பிரேக். என்ன, தலையணைக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள், நாலு பேர் ஏறினார்கள். விசில். இனி அந்த வளைவு. ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று தோன்றியது, அந்தப் பெண் சொன்னதுதான் சரியா, நேற்று மெத்தை, இன்று பஸ், அது வேறு இது வேறு இல்லையா, இருபத்தாறு வருஷம் இருக்கிறதே காலில். கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். இடது கால் முன்னால், வலது கால் குறுக்கே. வேண்டுமென்றே கால்களை அகட்டவில்லை, குனியவில்லை, பழையபடி நிமிர்ந்து டிக்கெட் மெஷினைப் பார்த்தார். வண்டி இறங்கியது. டிரைவர் வேகத்தைக் குறைத்தது காதுக்குத் தெரிந்தது, எஞ்சின் சத்தம் தணிந்தது, ஆனால் உடம்புக்குச் செய்தி போகவில்லை, போனபோது நேரமாகிவிட்டது, இடுப்பு ஒரு பக்கம் போயிற்று, தலை இன்னொரு பக்கம், வலது உள்ளங்கை சீட்டுக் கம்பியில் போய் அறைந்தது, நல்ல வேளை, கம்பி. முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் பதறி எழுந்தாள், உக்காருங்க சார், நீங்க உக்காருங்க. கண்டக்டருக்கு இடம் கொடுக்கிறாள்! வேண்டாம்மா, வேண்டாம், குழந்தையை வெச்சிருக்க, உக்காரு. எரிகிற உள்ளங்கையைப் பேண்ட்டில் தேய்த்தார். வண்டி வளைவில் வந்ததா, தாலாட்டில் வந்ததா? பின்சீட்டில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார், அவர் தலைகூட அசையவில்லை. இதற்குப் பெயர் திடீர் பிரேக்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? இவரும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இல்லை. டிரைவருக்கு ஒரு எச்சரிக்கை, பட்டியலில் பெயர் போனது போனதுதான், வேலை போகாது, சம்பளம் ஒரு வருஷம் ஏறாது. சொன்னால் இவர் பஸ்ஸில் ஏறுவது இன்றோடு முடிந்தது, போன மாதம் விழுந்ததற்கு இன்று கண் என்கிறாயா, இதுவரை ஏன் மறைத்தாய் என்று வேறு தொடங்குவார்கள். கீழே தொலைந்த பொருள் கவுண்ட்டரில் உட்கார வைப்பார்கள், குடை, டிபன் டப்பா, ஒற்றைச் செருப்பு, ரிட்டையர் ஆகும்வரை இன்னும் ஏழு வருஷம். ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டு யாராவது வருவார்களா? மனைவியிடம் நேற்று ஆட்டோவில் வரும்போது கேட்டார், என்ன பண்றது. அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள். சொல்லாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், சொல்லுங்கன்னும் சொல்ல மாட்டேன், அது உங்களுக்கும் அவருக்கும் நடுவுல. எனக்கு ஒண்ணுதான், நீங்க இன்னொரு தடவை விழக் கூடாது. அடுத்தவங்க மேலயும் விழக் கூடாது. அப்புறம் வீட்டுக்கு வந்ததும் குளியலறை வாசல்படியில் பளிச்சென்று மஞ்சள் டேப் ஒட்டினாள், கடையில் இருந்த டேப்பு, கேட்காமல், பேசாமல். இவர் அதைத் தாண்டி உள்ளே போகும்போது முதல் தடவையாகக் கால் தடுக்கவில்லை. ஒரு டேப்பு இத்தனை நாள் இல்லாமல் போயிற்றே என்று நினைத்தவர், யாரிடமும் சொல்லாமல் இருந்தது இவர்தானே என்பதையும் நினைத்தார்.

டிப்போ. எல்லாரும் இறங்கிவிட்டார்கள், தூங்கினவரையும் எழுப்பி அனுப்பியாயிற்று. இவர் பின்படியில் இறங்காமல் முன்படிக்கு வந்து, கம்பியைப் பிடித்து, ஒரு காலை இறக்கித் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறு காலை எடுத்தார். டிரைவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். மேலே போகப் பத்து நிமிஷம் இருந்தது.

"பிரேக் இல்லய்யா," என்றார் இவர்.

டிரைவர் முகத்தில் தண்ணீரோடு நிமிர்ந்தார். "என்ன கண்டக்டர் சார்?"

"அன்னைக்கு நீ பிரேக் அடிக்கல. என் கண்ணு. நேத்து டெஸ்ட் எடுத்தாங்க, ஓரம் எதுவும் எனக்குத் தெரியல. அதுல தடுமாறித்தான் விழுந்திருக்கேன். மேல அதைத்தான் சொல்லப் போறேன். உன்கிட்ட முதல்ல சொல்லிடணும்னு..."

"நேத்தா தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம்."

"காலையில வண்டி எடுக்கறப்பவே சொல்லியிருக்கலாமே."

ஒரு மணி பத்து நிமிஷம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கணக்குப் போட்டேன் என்றா சொல்ல முடியும்? திட்டுவார் என்று எதிர்பார்த்தார், இல்லாவிட்டால் போகுதுப்பா விடு என்பார் என்று எதிர்பார்த்தார், எதிர்பார்த்தார் என்ன, ஆசைப்பட்டார். டிரைவர் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார்.

"ஒரு மாசமா இந்தக் காலை நான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன். சர்க்கரை டெஸ்ட் எடுத்தேன். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தேன். ராத்திரி சாப்பிட்டு உக்காந்தா தரையை அமுக்கி அமுக்கிப் பாக்கறேன், எம் பொண்டாட்டி பயந்து போயிட்டா. எனக்கு அடிச்ச ஞாபகம் இல்லவே இல்ல. ஆனா நீ சொல்லிட்ட. பதினோரு வருஷம் பின்னாடி நின்னவன் பிரேக்குன்னு சொன்னா பிரேக்காத்தான்யா இருக்கும், நமக்குத்தான் தெரியல போலன்னு நினைச்சேன்."

டவலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். இவர் பின்னால் ஏறினார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. கோபம் என்று நினைத்தோமே, அந்த 'கண்டக்டர் சார்' என்ற கூப்பிடலை... மனுஷன் பயந்திருக்கிறார். சொந்தக் காலை நம்ப முடியாமல் நிற்பது என்றால் என்ன என்று இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் இவருக்குத் தெரியும், அதைக் கொண்டுபோய் நல்ல காலோடு இருந்த ஒருவருக்கு ஒரு கத்தலில் கொடுத்துவிட்டார்.

மேலாளர் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னார், இவர் வலப்பக்க நாற்காலி, டிரைவர் இடப்பக்கம். இவர் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். மேலாளர் நம்பவில்லை. ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார், இதைப் படிங்க பாக்கலாம், அடியில் எறும்பு ஊர்வது போல நாலு வரி, இவர் தடையில்லாமல் படித்தார். மேலாளர் சிரித்தேவிட்டார். "இவரைக் காப்பாத்தணும்னு ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு வந்தீங்களா?" இவர் சட்டைப் பையிலிருந்து நேற்றைய காகிதத்தை எடுத்து விரித்து மேஜைமேல் வைத்தார். கறுப்பு வட்டம், வெள்ளை ஜன்னல். மேலாளர் அதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது. இனிமே வண்டியில போகாதீங்க, டாக்டர் சர்ட்டிபிகேட்டோட நாளைக்கு வாங்க, உங்களுக்கு வேற இடம் பாக்கறேன், என்றவர் டிரைவர் பக்கம் திரும்பி, உங்க மெமோ பத்தி மேல எழுதறேன், பட்டியல் விஷயம் என் கையில இல்ல, என்றார். பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்தினார். "அது சரி, கண்ணு கெடறதுக்கு முன்னால இத்தனை வருஷம் கம்பியைப் பிடிக்காம எப்படித்தான் நின்னீங்க? இந்த டிப்போவுல வேற யாரும் நிக்கறதில்லையே?"

இடது காலை முன்னால என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை. ஆரம்பத்தில் எப்படியோ, வேறு டிரைவர்கள், வாலிப முட்டி... ஆனால் இந்தப் பதினோரு வருஷம்? டிக்கெட் மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பார், சரி, அப்போது ஓரத்தில், இடது ஓரத்தில், எப்போதும் ஒன்று இருந்தது, காக்கியாக, அசைந்துகொண்டு... வளைவுக்கு முன்னால் அது ஒரு விரல் அளவு சாயும், வேகத்தைக் குறைப்பதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போகும், வண்டி அசைவதற்குள் இவர் முட்டி தயாராகிவிடும். நேராக ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. பார்க்கிறோம் என்றே தெரிந்ததில்லை.

"இவர் தோளைப் பாத்துக்கிட்டு நின்னேன் சார்," என்றார்.

"தோளையா?" மேலாளரின் பேனா தாளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. "இதை நான் என்னன்னு எழுதறது?"

இவருக்குத் தெரியவில்லை. இடப்பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நாற்காலி கிறீச்சிட்டதா, டிரைவர் இவரைத்தான் திரும்பிப் பார்க்கிறாரா, இல்லை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா... கை நீட்டினால் தொடுகிற தூரம், கழுத்தை முழுசாகத் திருப்பினால்தான் தெரியும். திருப்பினால், பார்க்கத்தான் திரும்பினோம் என்று அவருக்கும் தெரிந்துவிடும். இவர் நேரே மேலாளரின் பேனாவைப் பார்த்தபடி, திருப்பலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.